வீட்டிலிருந்து கொட்டகைக்கு இணையம்... இடிக்குப் பயப்படாத கண்ணாடி இழை!

சென்னை நந்தனத்துக்கும் நம் ஊர் மாட்டுக் கொட்டகைக்கும் என்ன தொடர்பு? சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர்களிடம் கேட்டால், 'ஆவின் இல்லம் அங்கேதானே இருக்கிறது' என்பார்கள். உண்மைதான். அதே நந்தனத்தில், அண்ணா சாலையை ஒட்டி, 'எல்காட்' என்று அழைக்கப்படும் தமிழ்நாடு மின்னணு நிறுவனத்தின் தலைமை அலுவலகமும் இருக்கிறது. 1977-ம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்த அரசு நிறுவனத்தின் பொறுப்பில்தான், தலைமைச் செயலகத்தையும் மாவட்ட, வட்ட அலுவலகங்களையும் இணைக்கும் மாநிலப் பெருவலையமைப்பு நடக்கிறது. கிராமத்து இ-சேவை மையத்தில் சான்றிதழுக்கு விண்ணப்பித்தவர்கள், இப்படிப்பட்ட வலையமைப்பின் பலனை அனுபவித்தவர்கள்தான்.

அடுத்த கட்டமாக, கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கேபிளைக் கொண்டுபோகும் திட்டத்துக்கு மத்திய அரசு 2011 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. இன்று அதற்குப் பெயர் பாரத்நெட். தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்திடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. இன்னொரு பக்கம் தனியார் நிறுவனங்களும், உள்ளூர் கேபிள் டி.வி-காரர்களும் வீடுகளுக்கு ஃபைபர் இணைப்பு கொடுத்து வருகிறார்கள்.

ஆக, கண்ணாடி இழை ஊருக்கு வந்துவிட்டது. பல ஊர்களில் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ஆனால், வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி இருக்கும் மாட்டுக் கொட்டகைக்கோ, 300 மீட்டர் தள்ளி இருக்கும் மோட்டார் அறைக்கோ அதைக் கொண்டுபோக எந்த நிறுவனமும் வராது. அந்தக் கடைசித் தூரம் விவசாயியின் சொந்தப் பொறுப்பு. அங்கேதான் பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். முதல் கோடை இடியிலேயே அதற்கு விலையும் கொடுக்கிறார்கள்.

கொட்டகைக்கு இணையம் எதற்கு?

நிறைமாதச் சினைப்பசு இரவில் கன்று போடும்போது பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று மாடு வளர்ப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கன்றின் கால் மட்டும் வெளியே வந்து மாட்டிக்கொண்டால், அரை மணி நேரத் தாமதமே கன்றைக் காவு வாங்கிவிடும். கொட்டகையில் ஒரு கேமரா இருந்தால், கட்டிலில் படுத்தபடியே அரை மணிக்கு ஒருமுறை செல்போனில் பார்த்துக்கொள்ளலாம்.

கோழிப்பண்ணையில் மின்விசிறி நின்று வெப்பம் ஏறினால் எச்சரிக்கை வர வேண்டும். சொட்டுநீர்ப் பாசனத்தைத் தானியங்கி வால்வுகளோடு அமைத்தவர்களுக்கு, கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும் இடத்தில் இணையம் வேண்டும். மோட்டார் அறையில் ஸ்டார்ட்டரையும் செப்புக் கம்பியையும் திருடிப் போவது பல ஊர்களில் தொடர்கதை. சிம் கார்டு போட்ட கருவிகள் ஓரளவுக்குக் கைகொடுக்கும். ஆனால், நாள் முழுக்கக் கேமரா ஓடினால் டேட்டா போதாது. பள்ளமான இடங்களில் சிக்னலும் நிற்காது. வீட்டுக்கு வந்திருக்கும் ஃபைபர் இணைப்பையே கொட்டகைக்கு நீட்டுவதுதான் நிரந்தர வழி.

முதல் தவறு... செப்புக் கம்பி!

'நீட்டுவது' என்றதும் கடைக்குப் போய் ஒரு பெட்டி லேன் கேபிள் வாங்கி, வேலிக்கால் மேலேயும் தென்னை மரத்திலும் கட்டி இழுத்துவிடுகிறார்கள். லேன் கேபிளுக்குள் இருப்பது செப்புக் கம்பி. இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு.

ஒன்று, தூரம். லேன் கேபிளுக்கு வகுக்கப்பட்ட எல்லை 100 மீட்டர். அதற்கு மேல் போனால் இணைப்பு விட்டு விட்டு வரும் அல்லது வரவே வராது. நடுவில் ஒரு கருவி வைத்து மறுபடி நீட்டலாம். ஆனால், வயல் நடுவில் அதற்கு மின்சாரமும் கூரையும் வேண்டும்.

இரண்டாவது சிக்கல்தான் பெரியது. அது, மின்னல்.

மரத்தடியில் மாடு சாவது ஏன்?

மரத்தில் இடி விழுந்து, அடியில் நின்ற மாடுகள் கூட்டமாகச் செத்துக்கிடக்கும் செய்தியை ஆண்டுதோறும் படிக்கிறோம். மரத்தில்தானே இடி விழுந்தது, மாடு ஏன் சாகிறது? மின்னல் மரத்தின் வழியாக மண்ணில் இறங்கியதும், அந்த இடத்தில் மண்ணின் மின்னழுத்தம் பல்லாயிரம் வோல்ட்டுக்கு ஏறிவிடுகிறது. மரத்தை விட்டு விலக விலக அது குறைகிறது. மாட்டின் முன்கால் ஓரிடத்திலும் பின்கால் ஐந்தடி தள்ளியும் இருக்கின்றன. இரண்டு இடங்களிலும் மின்னழுத்தம் வேறு வேறு. அந்த வித்தியாசம் ஒரு காலில் ஏறி, உடல் வழியாகப் போய், இன்னொரு காலில் இறங்குகிறது. மனிதனைவிட மாட்டின் கால்களுக்கு இடைவெளி அதிகம். அதனால் மாட்டுக்குப் பாதிப்பும் அதிகம்.

வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவில் இழுத்த செப்புக் கம்பியும் அந்த மாட்டைப் போலத்தான். அதன் ஒரு கால் வீட்டு எர்த்தில், இன்னொரு கால் 200 மீட்டர் தள்ளிக் கொட்டகை எர்த்தில். மின்னல் நேராகக் கம்பியில் விழ வேண்டும் என்பதே இல்லை. தோட்டத்துப் பனைமரத்தில் விழுந்தாலே போதும். இரண்டு எர்த்துகளுக்கும் நடுவில் உண்டாகும் வித்தியாசம் கம்பி வழியாக ஓடி, இரண்டு பக்கக் கருவிகளையும் எரித்துவிடும்.

5 ஹெச்.பி மும்முனை மோட்டார் ஓடும்போது ஒரு ஃபேஸுக்கு 7 அல்லது 8 ஆம்பியர் எடுக்கும். சாதாரண மின்னலில் ஓடுவது சுமார் 30,000 ஆம்பியர். அதில் ஒரு சிறு பங்கு திரும்பி வந்தாலே, வைஃபை பெட்டி, டி.வி, கேமரா ரெக்கார்டர் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். அந்த நேரத்தில் கம்பியைத் தொட்டுக்கொண்டு யாராவது இருந்தால் உயிருக்கே ஆபத்து.

எனவே, கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவில் செப்பு வேண்டாம். கண்ணாடி இழை போதும். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. அதில் போவது வெறும் வெளிச்சம்தான்.

கிணற்று நீரும் கண்ணாடி இழையும்

கிணற்றில் முங்கிக் குளித்தவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். தண்ணீருக்குள்ளிருந்து நேர் மேலே பார்த்தால் வானம் தெரியும். சாய்வாகப் பார்த்தால் நீர்ப்பரப்பு ரசம் பூசிய கண்ணாடிபோலப் பளபளக்கும். வெளியில் இருப்பது தெரியாது. சாய்வாக வரும் வெளிச்சம் நீரை விட்டு வெளியேற முடியாமல் உள்ளேயே திரும்பிவிடுவதுதான் காரணம். கண்ணாடி இழைக்குள்ளும் இதுதான் நடக்கிறது. ஒரு முனையில் நுழைந்த வெளிச்சம், சுவரைத் தாண்ட முடியாமல் உள்ளேயே ஓடி மறுமுனைக்குப் போய்ச் சேர்கிறது.

1926-ல் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹரால்டு ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, கண்ணாடி இழைக் கட்டு வழியாகப் படத்தையே கடத்தலாம் என்று 1954-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 'ஃபைபர் ஆப்டிக்ஸ்' என்ற பெயரைப் பரவலாக்கியவரும் இவர்தான். மிகச் சுத்தமான கண்ணாடி கிடைத்தால் வெகுதூரத்துக்குச் செய்தி அனுப்பலாம் என்று 1966-ல் காட்டிய சார்லஸ் காவ், 2009-ல் நோபல் பரிசு பெற்றார்.

இன்றைய இழையின் மொத்தத் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதற்குள் வெளிச்சம் ஓடும் நடுப்பகுதி, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. ஒரு கிலோமீட்டர் ஓடிய பிறகும் 90 சதவிகிதத்துக்கு மேல் வெளிச்சம் மிஞ்சுகிறது. 200 மீட்டர் எல்லாம் அதற்கு ஒரு தூரமே இல்லை.

பள்ளம் வெட்டிய இங்கிலாந்து விவசாயிகள்

'இதெல்லாம் கம்பெனிக்காரன் செய்கிற வேலை, நம்மால் ஆகுமா?' என்ற தயக்கம் இயல்பானது. இங்கிலாந்தின் வடக்கே லங்காஷயர் பகுதியில், ரே என்ற கிராமத்தில் நடந்ததைக் கேட்டால் அந்தத் தயக்கம் போகும்.

அந்த ஊரில் கிறிஸ் காண்டர் என்ற விவசாயக் குடும்பப் பெண்மணியின் பக்கத்துப் பண்ணைக்கு வயர்லெஸ் இணைப்பு இருந்தது. மரங்கள் குறுக்கே வந்து அது தடைபட்டது. அதனால் நிலத்தைத் தோண்டி ஃபைபர் கேபிள் பதித்தார்கள். அதைப் பார்த்த சுற்றுப்புறப் பண்ணைக்காரர்களும் 'எங்களுக்கும் வேண்டும்' என்றார்கள். 2011-ல், பேரி ஃபோர்டு என்ற வலையமைப்பு வல்லுநரின் வழிகாட்டுதலில், ஊர் மக்களே பங்கு போட்டு ஒரு சமூக நல அமைப்பை உருவாக்கினார்கள். விவசாயிகள் தங்கள் வயல்களின் வழியாகக் கேபிள் போக வாடகை வாங்காமல் இடம் கொடுத்தார்கள். பள்ளம் வெட்டியதும், குழாய் பதித்ததும், இழைகளை ஒட்டப் பழகியதும் ஊர்க்காரர்கள்தான். நொடிக்கு ஒரு கிகாபிட் வேகம் அந்தக் கிராமங்களுக்கு வந்தது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அவர்கள் முதலில் பதித்தது குழாயைத்தான். கேபிள் பிறகுதான் குழாய்க்குள் போனது.

எந்த வழியாகக் கொண்டுபோவது?

முதலில் டேப் வைத்து வழியை அளந்துகொள்ளுங்கள். நேர்க்கோட்டு வழி குறைந்த தூரமாக இருக்கலாம். ஆனால், அது உழும் நிலத்தின் நடுவே போனால் வேண்டாம். வண்டிப்பாதை ஓரமும் வேலி ஓரமும் நல்லவை.

'அகல உழுவதைவிட ஆழ உழு' என்பார்கள். கேபிள் பதிக்கிறவர் கவனிக்க வேண்டியதும் அந்த ஆழத்தைத்தான். ரோட்டவேட்டர் மேல் மண்ணோடு நின்றுவிடும். ஆனால், அடிமண் இறுக்கத்தை உடைக்க இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓட்டும் உளிக்கலப்பை, ஒன்றரை அடி ஆழம்வரை போகும். இன்று ஓரடி ஆழத்தில் புதைத்த கேபிளை, மூன்றாம் ஆண்டு உங்கள் டிராக்டரே அறுத்துப் போட்டுவிடும். எனவே, பயிர் செய்யும் நிலத்தைக் கடக்கும் இடத்தில் இரண்டரை அடிக்குக் குறையாமல் பள்ளம் வெட்ட வேண்டும். டிராக்டர், நெல் அறுவடை இயந்திரம் ஏறி இறங்கும் இடங்களில் மூன்றடி. வேலி ஓரத்தில் இரண்டடி போதும். குழாயைப் பதித்து, மேலே ஓரடி மண் போட்டதும் எச்சரிக்கை நாடாவையோ உடைந்த செங்கல் வரிசையையோ பரப்பி, பிறகு பள்ளத்தை மூடுங்கள். நாளை யாராவது கடப்பாரை போட்டால், செங்கல் தட்டுப்பட்டதும் நிறுத்துவார்கள்.

வரப்பு ஓரம் கலப்பைக்குத் தப்பும், எலிக்குத் தப்பாது. வயல் எலிகள் வளை பறிப்பதே வரப்பில்தான். வரப்பைத் தவிர்க்க முடியாவிட்டால் தடித்த குழாய் கட்டாயம்.

பள்ளம் வெட்டும் கூலிதான் இந்த வேலையின் பெரிய செலவு. எனவே, சொட்டுநீர்ப் பாசனப் பிரதானக் குழாய்க்கோ, மோட்டார் மின்கேபிளுக்கோ பள்ளம் வெட்டும்போது இந்தக் குழாயையும் சேர்த்துப் பதித்துவிட்டால் செலவு பாதியாகிவிடும். இப்போது இணையம் தேவையில்லை என்றாலும், வெறும் குழாயை உள்ளே நைலான் கயிற்றோடு பதித்து வைக்கலாம். மின்கேபிளோடு போகும்போது இரண்டுக்கும் ஓரடி இடைவெளி விடுங்கள். வெளிச்சத்தை மின்சாரம் பாதிக்காது. ஆனால், பின்னால் பழுது பார்க்கத் தோண்டுகிறவருக்கு அந்த இடைவெளிதான் பாதுகாப்பு.

குழாயும் கேபிளும்

சுருளாகக் கிடைக்கும் 32 மி.மீ ஹெச்.டி.பி.இ குழாய் இதற்குப் பொருத்தமானது. சுருளாக இருப்பதால் இணைப்புகள் குறையும். திருப்பங்களில் 'எல்போ' போடக் கூடாது; குழாயையே அகலமாக வளைத்து விடுங்கள். கேபிளை இழுக்கும்போது அதன் தடிமனைப்போல 20 மடங்கு ஆரத்துக்குக் குறையாமலும், பதித்த பிறகு 10 மடங்குக்குக் குறையாமலும் வளைவு இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. 6 மி.மீ கேபிளுக்கு இது முறையே 12 செ.மீ, 6 செ.மீ. இதைவிட மடக்கினால் வெளிச்சம் கசியும். இன்னும் மடக்கினால் இழை முறியும்.

குழாயின் இரண்டு வாய்களையும் அடைக்க மறக்கக் கூடாது. தவிடும் புண்ணாக்கும் இருக்கும் கொட்டகையில் எலி இல்லாமல் இருக்காது. திறந்த குழாய் அதற்கு ராஜபாட்டை. கேபிள் தரையிலிருந்து சுவர் ஏறும் இடத்தில் நான்கடி உயரத்துக்கு ஜி.ஐ பைப்புக்குள் விடுங்கள். மாடு உரசினாலும் கொம்பு பட்டாலும் தாங்கும்.

கேபிள் வாங்கும்போது நான்கு விஷயங்களைக் கேளுங்கள்.

1. 'சிங்கிள் மோடு' கேபிளா? மல்டி மோடு வேண்டாம். சிங்கிள் மோடு போட்டால் எதிர்காலத்தில் எந்த வேகத்துக்கும் கேபிளை மாற்றத் தேவையிருக்காது. முனையில் இருக்கும் கருவியை மாற்றினால் போதும்.

2. வெளிப்புறத்தில் பதிக்கக்கூடியதா? உள்ளே நீர் புகாதபடி ஜெல் நிரப்பிய வகை நல்லது.

3. எத்தனை இழை? தேவை ஒன்றுதான் என்றாலும் நான்கு இழை உள்ளதாக வாங்குங்கள். விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஒன்று பழுதானால் இன்னொன்று கைகொடுக்கும்.

4. உள்ளே உலோகம் இருக்கிறதா? இதுதான் முக்கியமானது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாவிட்டாலும், கேபிளின் பலத்துக்காகச் சேர்க்கும் இரும்புக் கம்பியும் கவசத் தகடும் கடத்தும். அப்படிப்பட்ட கேபிளை அப்படியே இரண்டு பக்கக் கருவிகளுக்கு அருகில் கொண்டுபோனால், செப்புக் கம்பியின் ஆபத்து பின்வாசல் வழியாக வந்துவிடும். இரும்புக்குப் பதில் எஃப்.ஆர்.பி குச்சி போட்ட, உலோகமில்லாத கேபிளைக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். இரும்பு இருந்தால் இழுக்கும்.

சென்னை ரிச்சி தெருவிலும், மாவட்டத் தலைநகரங்களில் கேபிள் டி.வி உதிரிபாகக் கடைகளிலும் இவை கிடைக்கும். அளந்த தூரத்தோடு இரண்டு முனைகளிலும் ஐந்தைந்து மீட்டர் கூடுதலாக வாங்கி, சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் முனை உடைந்தால் வெட்டி ஒட்ட அது உதவும்.

ஒட்டு வேலையை யார் செய்வது?

பள்ளம் வெட்டுவதும் கேபிள் இழுப்பதும் நம் வேலை. இழையை ஒட்டும் வேலையை அதற்கான இயந்திரம் வைத்திருப்பவரிடம் விடுவதே நல்லது. ஸ்பிளைசிங் இயந்திரம் இரண்டு இழைகளின் முனைகளை நேராக வைத்து, மின்பொறியால் உருக்கி ஒன்றாக்கிவிடும். உங்கள் பகுதியில் ஃபைபர் இணைப்பு கொடுக்கும் ஊழியர்களிடம் இந்த இயந்திரம் இருக்கும். ஓர் ஒட்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசுவார்கள். ஆள் வந்த அன்றைக்கே நான்கு இழைகளையும் இரண்டு பக்கமும் ஒட்டி முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் வரவழைக்க வேண்டும்.

இந்த இடத்தில் மாடு வளர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஒட்டும்போது வெட்டி எறியும் துண்டுகள், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கண்ணாடி ஊசிகள். தீவனத் தொட்டிக்குப் பக்கத்திலோ, வைக்கோல் மேலேயோ இந்த வேலையைச் செய்யவே கூடாது. கறுப்புத் துணி விரித்து அதன் மேல் செய்து, துண்டுகளை மூடியுள்ள பாட்டிலில் போட்டு அகற்றச் சொல்லுங்கள். குழந்தைகளை அண்டவிடாதீர்கள். கருவியில் இணைந்திருக்கும் இழையின் முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கக் கூடாது. அதில் வரும் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணைப் பாதிக்கும்.

இரண்டு முனைகளிலும் 'மீடியா கன்வெர்ட்டர்' என்ற சிறிய பெட்டி வேண்டும். வீட்டு வைஃபை பெட்டியிலிருந்து வரும் மின் சமிக்ஞையை இது வெளிச்சமாக மாற்றும். கொட்டகையில் உள்ளது வெளிச்சத்தை மறுபடி மின் சமிக்ஞையாக்கும். ஒரே இழையில் போக்கும் வரத்தும் நடக்க, இரண்டு பெட்டிகளும் இரண்டு வேறு அலைநீளங்களைப் பயன்படுத்துகின்றன. அதனால் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். ஒன்றில் 'ஏ', மற்றதில் 'பி' என்று இருக்கும். இரண்டு 'ஏ' வாங்கினால் ஒன்றோடொன்று பேசாது. முனைச் செருகிகளில் நீல நிறம் ஒரு வகை, பச்சை நிறம் இன்னொரு வகை. நீலத்தை நீலத்தோடும், பச்சையைப் பச்சையோடும் மட்டுமே சேர்க்க வேண்டும்.

மின்சாரம் வேண்டுமே?

கண்ணாடி இழையில் மின்சாரம் போகாது என்பதால், கொட்டகைப் பக்கக் கருவிகளுக்கு அங்கேயே மின்சாரம் வேண்டும். கன்வெர்ட்டர், ஒரு கேமரா, ஒரு சிறிய வைஃபை பெட்டி மூன்றும் சேர்ந்து சுமார் 15 வாட் எடுக்கும். நாளொன்றுக்கு 360 வாட் மணி. கொட்டகையில் மின் இணைப்பு இருந்தால் பிரச்னை இல்லை. வயல் நடுவில் என்றால், 150 வாட் சோலார் தகடும் 12 வோல்ட், 75 ஆம்பியர் மணி பேட்டரியும் போதுமானவை.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ஃபைபர் போட்டதால் கேபிள் வழியாக மின்னல் வருவதைத் தடுத்துவிட்டோம். ஆனால், கரன்ட் கம்பி வழியாக அது வருவதை ஃபைபர் தடுக்காது. இரண்டு கட்டடங்களிலும் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, மின்பெட்டியில் சர்ஜ் தடுப்பானும் பொருத்த வேண்டும். அப்படியும் கொட்டகையில் சேதம் ஏற்பட்டால், அது கொட்டகையோடு நின்றுவிடும். கேபிள் வழியாக வீட்டுக்கு வராது.

நகரத்து வீடுகளுக்கும் இதே விதிதான்

நந்தனம் போன்ற பகுதிகளில் முன்னால் வீடு, பின்னால் தனிக் கட்டடம் என்று ஒரே காம்பவுண்டுக்குள் இருப்பது உண்டு. 'இருபது மீட்டர்தானே, லேன் கேபிள் போதாதா' என்று தோன்றும். தூரம் ஒரு சிக்கலே இல்லைதான். ஆனால், இரண்டு கட்டடங்களுக்கும் தனித்தனி மீட்டரும் தனித்தனி எர்த்தும் இருந்தால், மாட்டின் கால் கணக்கு இங்கேயும் பொருந்தும். காம்பவுண்டு சுவரை ஒட்டிக் குழாயில் ஃபைபர் விடுவதே பாதுகாப்பு. பின்கட்டடத்து மாடித்தோட்டத்தில் சொட்டுநீர் டைமரும் கேமராவும் வைத்திருப்பவர்களுக்கும் இதுவே வழி.

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது, நந்தனத்தை அடுத்த சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. வெள்ளத்தில் மூழ்கினாலும் கண்ணாடி இழையில் ஷார்ட் சர்க்யூட் ஆகாது. ஆனால், கன்வெர்ட்டரும் இணைப்புப் பெட்டியும் நனைந்தால் போய்விடும். ஆற்றங்கரையோரம், ஏரிப் பாசனப் பகுதி எதுவாக இருந்தாலும், பழைய வெள்ளத்தின் சுவடு சுவரில் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதற்கு மேலே பெட்டிகளைப் பொருத்துங்கள்.

விவசாயிகளின் சந்தேகங்கள்... பதில்கள்

''ஃபைபருக்குப் பதில் வயர்லெஸ் கருவி வைக்கலாமா?''

வைக்கலாம். இரண்டு பக்கமும் ஆன்டெனா வைத்து இணைக்கும் கருவிகள் உண்டு. பள்ளம் வெட்ட வேண்டியதில்லை, செலவு குறைவு. ஆனால், ஒன்றிலிருந்து ஒன்று மறைப்பில்லாமல் தெரிய வேண்டும். இன்று வெட்டவெளியாக இருக்கும் இடத்தில் நாளை வாழையோ கரும்போ போட்டால் மறைத்துவிடும். குத்தகை நிலத்துக்கு வயர்லெஸ் பொருத்தம். சொந்த நிலத்தில், நிரந்தரக் கொட்டகைக்கு ஃபைபர்தான் ஏற்றது.

''நிலத்தில் புதைக்காமல் மேலே கட்டலாமா?''

சொந்தக் கம்பம் நட்டுக் கட்டலாம். தென்னையில் கட்டினால், காற்றில் மரம் ஆடும்போது கேபிள் இழுபடும். மட்டை விழுந்தாலும் அறுந்துபோகும். மின்வாரியக் கம்பத்தில் அனுமதியின்றிக் கட்டுவது குற்றம்; உயிருக்கும் ஆபத்து.

''நடுவில் ஊராட்சிச் சாலை போகிறது. என்ன செய்வது?''

சொந்த நிலத்துக்குள் இருக்கும்வரை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பொதுச் சாலை, அரசு வாய்க்கால், பக்கத்துக்காரர் நிலம் ஆகியவற்றைக் கடக்க வேண்டும் என்றால், உரியவரிடம் எழுத்து மூலமாக அனுமதி பெற்ற பிறகுதான் பள்ளம் வெட்ட வேண்டும்.

''கேபிள் அறுந்துவிட்டால் புதிதாகப் போட வேண்டுமா?''

வேண்டியதில்லை. சிவப்பு ஒளி பாய்ச்சும் பேனா போன்ற கருவியை முனையில் வைத்தால், வெளியே தெரியும் கேபிளில் முறிந்த இடம் சிவப்பாக ஒளிரும். குழாய்க்குள் அறுந்திருந்தால், ஓ.டி.டி.ஆர் என்ற கருவி எத்தனை மீட்டரில் முறிவு என்று காட்டிவிடும். அந்த இடத்தில் தோண்டி, நீர் புகாத இணைப்புப் பெட்டிக்குள் ஒட்டுப் போட்டால் போதும்.

''செப்புக் கம்பியைப்போல இதையும் திருடுவார்களா?''

கண்ணாடி இழையைக் காயலான் கடையில் எடைக்கு வாங்கமாட்டார்கள். ஆனால், செம்பு என்று நினைத்து வெட்டிப் பார்க்கிறவர்கள் உண்டு. கேபிள் வெளியே தெரியும் இடங்களில் 'இது ஃபைபர், உள்ளே செம்பு இல்லை' என்று எழுதி வையுங்கள்.

கடைசியாக ஒரு வேலை

பள்ளத்தை மூடுவதற்கு முன்பு, குழாய் கிடக்கும் நிலையிலேயே செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிணற்று மேட்டிலிருந்து எத்தனை அடி, வேலிக்காலிலிருந்து எத்தனை அடி, எத்தனை அடி ஆழம் என்று ஒரு தாளில் வரைபடம் போடுங்கள். பூமிக்குள் போனது எங்கே போகிறது என்பது இன்றைக்கு உங்களுக்குத் தெரியும். பத்து வருடம் கழித்து ஜேசிபியோடு வந்து நிற்கும் உங்கள் பிள்ளைக்குத் தெரியாது. அந்தத் தாளைப் பட்டா, சிட்டாவோடு சேர்த்து வையுங்கள்.